போர் ஓவர் காபியும் அம்மா போடும் காபியும்

விழுப்புரத்தில் ஒரு சராசரி வீடு. காலை ஐந்தே கால். சென்னைக்கு ரயில் பிடிக்க வேண்டிய அப்பா குளித்துக்கொண்டிருக்கிறார். தாத்தா பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்; காபி உள்ளே போகாமல் அவருக்கு எழுத்து தெரியாது. பாட்டிக்குச் சர்க்கரை, அதனால் சீனி இல்லாமல். தங்கைக்குப் பால் தூக்கலாக. சமையலறையில் ஒருவர் மட்டும் ஃபில்டரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எல்லோருக்கும் ஆற்றிக் கொடுத்த பிறகு அவருக்கு மிஞ்சுவது இரண்டாம் டிகாஷன். அதுவும் ஆறிப்போனது.

அந்த வீட்டின் மூத்த பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அங்கே அவனும் தினமும் காபி போடுகிறான். டிஜிட்டல் தராசில் 15 கிராம் கொட்டையை நிறுத்து, கையால் அரைத்து, கண்ணாடிக் கூம்பில் தாளை விரித்து, கொக்கு கழுத்து மாதிரி வளைந்த கெட்டிலில் வெந்நீரை வட்டம் வட்டமாக ஊற்றி, செல்போனில் நொடி எண்ணி... ஒரு கோப்பை காபிக்கு இத்தனை பூசை. இதற்குப் பெயர் போர் ஓவர். (சண்டை முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. 'மேலே ஊற்றுவது', அவ்வளவுதான்!)

அதே பையன் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான். காலையில் எழுந்து கூடத்தில் உட்கார்ந்து என்ன சொல்கிறான்?

"அம்மா, காபி."

இந்தக் கட்டுரை அந்த இரண்டு சொற்களைப் பற்றியது.

இது ஒன்றும் புதுசு இல்லை

முதலில் போர் ஓவர் என்பது என்ன என்று பார்த்துவிடலாம். அரைத்த காபியை ஒரு வடிகட்டியில் போட்டு மேலேயிருந்து வெந்நீர் ஊற்றுகிறோம். தண்ணீர் தன் எடையாலேயே இறங்குகிறது. இறங்கும்போது காபியின் சாரத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. இயந்திரம் கிடையாது, மின்சாரம் கிடையாது, அழுத்தம் கிடையாது.

அப்படியானால் தென்னிந்திய ஃபில்டர் என்ன செய்கிறது? அதையேதான். மேல் பாத்திரத்தில் ஓட்டை, கீழ் பாத்திரத்தில் டிகாஷன், நடுவில் புவியீர்ப்பு. வித்தியாசம் மூன்று இடத்தில் வருகிறது. போர் ஓவரில் பொடி கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், ஃபில்டரில் நைசாக இருக்கும். போர் ஓவர் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், ஃபில்டருக்குக் கால் மணி நேரத்துக்குக் குறையாது. போர் ஓவர் அப்படியே குடிக்கிற காபி. ஃபில்டரில் இறங்குவதோ 'கள்ளிச் சொட்டு' மாதிரி கெட்டியான சாறு, பால் சேர்த்தால்தான் காபி.

இன்னொரு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தாள் வடிகட்டி காபியின் எண்ணெய்ப் பசையை நிறுத்திவிடும். அந்த எண்ணெயில் கஃபெஸ்டால் என்று ஒரு பொருள் இருக்கிறது. கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் குணம் அதற்கு உண்டு. உலோக வடிகட்டி அதைத் தாள் அளவுக்குத் தடுக்காது. ஆனால் வாயில் நிற்கிற அந்தக் கனமும் அதே எண்ணெயிலிருந்துதான் வருகிறது. ஒன்றை எடுத்தால் ஒன்றை விட வேண்டும்.

ஃபில்டரைக்கூட விடுங்கள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் எந்த டீக்கடையிலாவது மாஸ்டர் என்ன செய்கிறார் என்று நின்று பாருங்கள். துணிப் பை, அதற்குள் தூள், மேலே கொதிக்கிற தண்ணீர். ஜப்பானில் இதே மாதிரி துணியில் வடிக்கிற காபிக்குத் தனிக் கடைகளும் தனி மரியாதையும் உண்டு. நம்மூர் மாஸ்டருக்கு 'சீக்கிரம்ப்பா, பஸ் எடுத்துடப் போறான்' என்ற அதட்டல்தான்.

ஒரு ஜெர்மன் குடும்பத் தலைவியின் கோபம்

தாள் வடிகட்டி எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமான கதை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம், 1908. மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பத் தலைவிக்குக் காபியில் மண்டி வருவது பிடிக்கவில்லை. ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஓட்டைகள் போட்டார். பள்ளிக்கூடம் போகும் மகனின் நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து உள்ளே வைத்தார். காபித் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினார். தெளிந்த காபி வந்தது. அதே ஆண்டு காப்புரிமையும் வாங்கி, கம்பெனியும் தொடங்கிவிட்டார். அதில் முதலில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவருடைய கணவரும் பிள்ளைகளும்!

பின்னால் 1941ல் பீட்டர் ஷ்லும்போம் என்ற வேதியியலாளர் அமெரிக்காவில் கெமெக்ஸ் என்ற கண்ணாடிக் குடுவையைக் கொண்டுவந்தார். இன்று எல்லாக் காபிக் கடைகளிலும் தெரிகிற வி60 கூம்பு ஜப்பானின் ஹாரியோ நிறுவனத்துடையது. 60 என்பது கூம்பின் கோணம்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இன்று ஒரு கோப்பை பல நூறு ரூபாய்க்கு விற்கிற பெருநகரச் சமாசாரம், ஒரு வீட்டுச் சமையலறையில், அன்றாடம் காபி போட்டு அலுத்துப்போன ஒரு பெண்ணின் கையில் பிறந்தது. அவருக்கு அது பொழுதுபோக்கு இல்லை, தினப்படி வேலை. வேலையாக இருந்தபோது யாரும் அதை ரசிக்கவில்லை. பொழுதுபோக்காக மாறியதும் ஆண்கள் தராசு வாங்குகிறார்கள்.

நெடுஞ்சாலைப் பித்தளை

சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக விழுப்புரம் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். செங்கல்பட்டு தாண்டியதிலிருந்து சாலையோரம் எங்கு பார்த்தாலும் 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டுகள். பளபளக்கும் பித்தளை டபரா, பித்தளை டம்ளர், கடை முன்னால் நிற்கிற கார்கள். விழுப்புரத்திலிருந்து கும்பகோணத்துக்கு இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும் என்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

'டிகிரி' என்ற சொல்லுக்கே ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். பாலின் தரத்தை லாக்டோமீட்டரில் பார்த்த டிகிரி என்பார்கள். முதலில் இறங்குகிற டிகாஷனுக்கு முதல் டிகிரி என்று பெயர் என்பார்கள். சிக்கரிதான் வாய்க்கு வாய் மாறி டிகிரி ஆனது என்பவர்களும் உண்டு. எது சரியாக இருந்தாலும் அந்தப் போர்டு விற்பது ஒரு ஞாபகத்தை. 'பாட்டி வீட்டில் குடித்த காபி' என்கிற ஞாபகம். அந்தக் காபியைப் போட்ட பாட்டி அந்த ஞாபகத்தில் எங்கே நிற்கிறார்? படத்துக்கு வெளியே, அடுப்படியில்.

போர் ஓவர் கடை புதுமையை விற்கிறது, நெடுஞ்சாலைக் கடை பழமையை விற்கிறது. இரண்டிலும் பாத்திரம்தான் கதாநாயகன். ஆனால் காபி நன்றாக இருப்பதற்குப் பாத்திரம் கடைசிக் காரணம். பொடி எப்போது அரைத்தது, எவ்வளவு போட்டது, தண்ணீர் எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் பொறுத்தது, இந்த நாலும்தான் முதல் காரணங்கள். இந்த நாலையும் கையில் வைத்திருப்பவர் போடுகிறவர். அவரைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

யார் குடிப்பது, யார் போடுவது

காபி தமிழ்நாட்டுக்கு வந்த பிறகு நடந்த சண்டைகள் நிறைய. ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' புத்தகத்தைப் படித்தவர்களுக்கு இது தெரியும். காபி உடம்புக்குக் கெடுதல் என்று ஒரு பக்கம் எதிர்ப்பு. இன்னொரு பக்கம் காபி மேல் வகுப்பாரின் அடையாளம், டீ உழைக்கிறவர்களின் பானம் என்ற பிரிவு. காபி கிளப்புகளில் சாதி பார்த்து இடம். தென்னிந்திய ரயில்வே நிலையங்களின் உணவகங்களிலேயே பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. பெரியார் இயக்கத்தின் எதிர்ப்புக்குப் பிறகு 1941ல்தான் அது ஒழிந்தது. ஐந்து திசையிலிருந்து தண்டவாளம் வந்து சேர்கிற விழுப்புரம் மாதிரி ஜங்ஷனில் ரயில் மாறும் பயணிக்கு இது சின்ன விஷயமாக இருந்திருக்காது. கிராமத்து டீக்கடைகளின் இரட்டைக் குவளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, காபியில் 'யார் குடிக்கலாம்' என்ற கேள்விக்காகத் தமிழ்நாடு சண்டை போட்டிருக்கிறது. 'யார் போடுவது' என்ற கேள்வி மட்டும் அப்படியே கிடக்கிறது.

இது மிகைப்படுத்திச் சொல்வது என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2019ல் மத்தியப் புள்ளியியல் துறை நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில் சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். ஈடுபட்டவர்களில் பெண்கள் செலவிட்டது ஒரு நாளைக்கு சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். காபி இதில் ஒரு சிறு துளி என்பது சரிதான். ஆனால் நாளின் முதல் துளி. வீட்டில் யார் யாருக்காக எழுந்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிற துளி.

'அம்மா கைக் காபி மாதிரி வராது' என்ற பாராட்டு இருக்கிறதே, அதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். கைப்பக்குவம் உண்மைதான். ஆனால் அந்தப் பாராட்டுக்குள் 'ஆகவே நாளைக்கும் நீயே போடு' என்ற உத்தரவும் ஒளிந்திருக்கிறது.

இன்ஸ்டன்ட்டைத் திட்டுவதற்கு முன்

காபி ரசிகர்களுக்கு இன்ஸ்டன்ட் பொடி என்றால் ஆகாது. 1938ல் நெஸ்கஃபே வந்ததிலிருந்தே இந்த ஏளனம் இருக்கிறது. வாசனையில் அது ஃபில்டர் காபிக்கு ஈடாகாது என்பதும் உண்மை. ஆனால் ஒரு ஸ்பூன் பொடி, சூடான பால், கலக்கு... இந்த எளிமைதான் கல்லூரி விடுதியில் இருக்கும் பையனையும், மனைவி ஊருக்குப் போயிருக்கும் கணவரையும் முதல்முதலாகக் காபி போட வைத்தது. 'இன்ஸ்டன்ட் எல்லாம் காபியா?' என்று கேட்கும் பெரியவர் தானே ஃபில்டரில் பொடி போடுகிறவராக இருந்தால் கேட்கட்டும். போடச் சொல்லிவிட்டுக் காத்திருப்பவருக்கு அந்த உரிமை இல்லை.

போர் ஓவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் இங்கேதான் இருக்கிறது. கண்ணாடிக் கூம்பு வேண்டாம், கொக்குக் கழுத்துக் கெட்டிலும் வேண்டாம் (ஊற்றித்தான் பார்க்க வேண்டுமென்றால் பாட்டி காலத்துக் கெண்டி பரணில் இருக்கும்). எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு வழக்கம்: குடிக்கிறவரே போடுவது. அதோடு, போடுகிற வேலையை மதித்து, அளந்து, கவனித்துச் செய்வது. பெங்களூரில் 15 கிராம் நிறுக்கத் தெரிந்த கைக்கு விழுப்புரத்தில் மூன்று ஸ்பூன் பொடி அள்ளத் தெரியாமல் போகாது.

சரி, போடுவது எப்படி?

அறிவுரை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயம் இல்லை. இரண்டு பேருக்கான கணக்கு இதோ.

பொடி 20 கிராம், அதாவது குவித்து மூன்று மேசைக்கரண்டி. கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கும் கடையில் வாங்குவது நல்லது. ஒரு மாதத்துக்கு மொத்தமாக வாங்காமல் வாரத்துக்கு 100 கிராம் வாங்கினால் வாசனை போகாது. அரைத்த நிமிடத்திலிருந்தே காபி மணத்தை இழக்கத் தொடங்கிவிடும். காற்றுப் புகாத டப்பா அவசியம்.

சிக்கரி எவ்வளவு என்பது அவரவர் நாக்கு. அது ஒரு செடியின் வறுத்த வேர், காபி இல்லை. நிறமும் கெட்டித்தனமும் கொடுக்கும், டிகாஷன் மெதுவாக இறங்கவும் வைக்கும். நூற்றுக்கு 20 வரை பலருக்கும் பிடிக்கிறது. பாக்கெட்டில் வாங்குகிறவர்கள் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பதுதான் சட்டம். அதாவது பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சிக்கரி இருந்தாலும் அது சட்டப்படி சரியே. விலை மலிவாக இருந்தால் காரணம் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

பொடியை மேல் பாத்திரத்தில் போட்டுச் சமமாகப் பரப்பி, குடை போல இருக்கும் அந்தத் தட்டால் லேசாக அழுத்த வேண்டும். பலம் காட்டக் கூடாது. இறுக்கினால் தண்ணீர் நின்றுவிடும், விட்டுவிட்டால் ஓடிவிடும்.

தண்ணீர் 120 மில்லி. கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் விட வேண்டும். 92 முதல் 96 டிகிரி வரை சூடு இருந்தால் நல்லது என்று உலகம் முழுக்கக் காபிக்காரர்கள் சொல்கிறார்கள். அந்த அரை நிமிடம் அதற்காக. (காபியில் நிச்சயமான டிகிரி இது ஒன்றுதான்!)

இப்போது போர் ஓவர்காரர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு தந்திரம். முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றாமல், முதலில் பொடி நனைகிற அளவுக்கு 40 மில்லி மட்டும். புதுப் பொடியாக இருந்தால் நுரைத்து உப்பும். வறுத்த கொட்டைக்குள் அடைபட்டிருந்த கரியமில வாயு வெளியேறுகிறது. அரை நிமிடம் கழித்து மீதியை ஊற்றி மூடிவிட வேண்டும். வாயு போன பிறகு தண்ணீர் பொடிக்குள் சீராக இறங்கும்.

பிறகு கால் மணி முதல் இருபது நிமிடம். பொடி தன் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். ஆகவே 120 ஊற்றினால் கிட்டத்தட்ட 80 மில்லி டிகாஷன் கிடைக்கும். ஆளுக்கு 40. அதில் 100 மில்லி பால். பாலைப் பொங்கவிட்டு உடனே கலக்க வேண்டும். பலமுறை சுண்டிய பால் காபியை அமுக்கிவிடும். டிகாஷனை நேரடியாக அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடவே கூடாது, கசந்துவிடும். ஆறிப்போனால் வெந்நீரில் கிண்ணத்தை வைத்துச் சூடேற்றலாம்.

டிகாஷன் இறங்கவே மாட்டேன் என்கிறதா? ஓட்டைகளில் பழைய பொடி அடைத்திருக்கும். பிளாஸ்டிக் பாகம் எதுவும் இல்லாத எவர்சில்வர் ஃபில்டராக இருந்தால் மேல் பாத்திரத்தைக் காலியாக, இடுக்கியால் பிடித்து, அடுப்புத் தணலில் சில நொடி காட்டிவிட்டு ஆறியதும் தேய்த்தால் அடைப்பு கருகி உதிர்ந்துவிடும். இந்த வைத்தியம் எந்தக் காபிக் கடைப் பயிற்சியிலும் வராது, அம்மாக்களுக்குத் தெரியும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும் தெருக்களில் நல்ல பொடியும் மந்தமாகிவிடும். அதற்காகச் சுத்தமாக உப்பே இல்லாத தண்ணீரும் சரிப்படாது, சாரம் தட்டையாக வரும். குடிக்க நன்றாக இருக்கும் தண்ணீர் காபிக்கும் நன்றாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

நேரம் இல்லையே!

இதுதான் எப்போதும் வருகிற பதில். ஐந்தரைக்கு ரயிலைப் பிடிக்கிறவர் எங்கே காபி போடுவது?

ஃபில்டரின் பெரிய வசதியே அது யாரையும் பக்கத்தில் நிற்கச் சொல்லாததுதான். போர் ஓவருக்கு மூன்று நிமிடமும் ஆள் நிற்க வேண்டும். ஃபில்டருக்குப் பொடி போட்டுத் தண்ணீர் ஊற்ற இரண்டு நிமிடம் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். குளிக்கப் போகும் முன் ஊற்றினால் குளித்து வரும்போது டிகாஷன் தயார். இரவு படுக்கும் முன் பொடியைப் போட்டு அழுத்தி வைத்துவிட்டால் காலையில் வெந்நீர் மட்டும்தான். அப்பா பொடி போடலாம், பையன் பால் காய்ச்சலாம், தாத்தா ஆற்றலாம். தாத்தாவின் கை நடுங்கினால் நுரை இன்னும் நன்றாக வரும்!

வீணாக்கிப் பழக வேண்டுமா, விலை ஏறிக் கிடக்கிறதே என்று கேட்பார்கள். உண்மைதான். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. பிரேசிலில் மழை பொய்த்தால் விழுப்புரத்து டப்பாவில் பொடி குறைகிறது. ஆனால் அளந்து போடுகிறவர் வீணாக்குவது குறைவு. 'கண் அளவு' என்பது முப்பது வருஷம் போட்டவருக்கு மட்டும்தான் சரிவரும்.

முதல் நாள் காபி கேவலமாகத்தான் வரும். இரண்டாம் நாள் தண்ணியாக. மூன்றாம் நாள் கசப்பாக. ஒரு வாரம் கழித்து வீட்டில் யாராவது ஒன்றும் சொல்லாமல் டம்ளரைக் காலி செய்வார்கள். அதுதான் சான்றிதழ்.

அந்தப் பையன் அடுத்த முறை ஊருக்கு வரும்போது பெங்களூர்க் கூம்பைக் கொண்டுவர வேண்டியதில்லை. ஐந்து மணிக்கு எழுந்து, இருக்கிற ஃபில்டரில் பொடியை அளந்து போட்டு, வெந்நீர் ஊற்றி, முதல் டிகாஷனில் முதல் டம்ளரை ஆற்றி, இன்னும் படுத்திருக்கும் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும்.

அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம், போர் ஓவர் என்று.